ஒரு மில்லிமீட்டர்

எனக்கு வேகமாகக் கார் ஓட்டத் தெரியாது. சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் முள் எண்பதைத் தாண்டினாலே உள்ளங்கை வேர்த்துவிடும். அப்படிப்பட்டவன்தான் 2011-ல் ஒரு பழைய மாருதி ஜென்னை வாங்கி, இதை ரேஸ் காராக மாற்றப் போகிறேன் என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லித் திரிந்தேன்.

வண்டியைத் தேர்ந்தெடுத்ததில் தப்பில்லை. ஜென் 1993-ல் சந்தைக்கு வந்தது. 993 சி.சி., நாலு சிலிண்டர், பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம். கார்பரேட்டர் மாடலுக்கு 50 குதிரைத்திறன். ஐரோப்பாவுக்கு சுசுகி ஆல்ட்டோ என்ற பெயரில் கப்பலேறிய வண்டி அது. நம் நாட்டில் செய்த சின்ன ஸ்போர்ட்ஸ் கார் என்றால், தொண்ணூறுகளின் கடைசியில் கோவாவில் இருந்து வந்த சான் ஸ்டார்மைத்தான் சொல்ல வேண்டும். ரெனோ என்ஜின், ரெண்டே சீட்டு. அதை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். என் போன்ற கையிருப்புக்காரர்களுக்கு ஜென்தான் ஸ்போர்ட்ஸ் கார்.

இந்தக் கிறுக்கு எங்கிருந்து பிடித்தது என்று கேட்பவர்களிடம் கரிவரதனைக் கைகாட்டுவேன். பாவம் அவர். கோயம்புத்தூர்க்காரர், சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த நாட்களில் பேர் வாங்கியவர். மாருதி 800-ன் 796 சி.சி. என்ஜினை வைத்து ஒற்றை ஆள் உட்காரும் ஃபார்முலா மாருதியை உருவாக்கினார். நரேன் கார்த்திகேயன் ரேஸுக்குள் நுழைந்ததும் அந்த வகை வண்டியில்தான். 2005-ல் அவர் ஃபார்முலா ஒன்னில் ஓட்டினார். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் இருக்கும் ரேஸ் டிராக்குக்கு அவர் பெயர்தான்.

வீட்டுக்குக் காய்கறி வாங்கப் போகும் காரின் என்ஜினை வைத்தே ரேஸ் ஓட்டலாம் என்ற பாதியை மட்டும் அவர் கதையிலிருந்து பிடித்துக்கொண்டேன். அந்த என்ஜினைச் சுற்றியிருந்த கதவு, கண்ணாடி, சீட்டு, தகரம் எல்லாவற்றையும் அவர் கழித்துக்கட்டினார் என்ற மறுபாதி கண்ணில் படவில்லை. குறைந்த காசில் வேகம் வேண்டுமானால் முதலில் எடையைக் குறைக்க வேண்டும். என் வண்டியிலோ டிக்கி நிறைய ஸ்பீக்கர் பெட்டி, பின்சீட்டில் எப்போதும் மூன்று பேர்.

எங்கள் மெக்கானிக் அண்ணாச்சியிடம் சைலன்சரை மாற்ற வேண்டும் என்று போய் நின்றேன்.

“தம்பிக்கு வேகம் வேணுமா, சத்தம் வேணுமா? ஒண்ணச் சொல்லுங்க.”

“ரெண்டும்தான் அண்ணாச்சி.”

“அப்பம் வெல்டிங் பட்டறைக்குப் போங்க. எங்கிட்ட வேகத்துக்கே வழி இல்ல.”

வெல்டிங் பட்டறைக்கே போனேன். கேட்டும் ஜன்னல் கிரில்லும் அடிக்கிற கடை. சென்னை புதுப்பேட்டையிலிருந்து தெரிந்தவர் மூலமாகப் பழைய மஃப்ளர் ஒன்று வந்திருந்தது. கம்பெனி பைப்பை அறுத்துப் போட்டுவிட்டு, இரண்டு அங்குலப் பைப்பை வளைத்துப் பற்றவைத்து, கடைசியில் அந்த மஃப்ளரை மாட்டினார்கள். ஸ்டார்ட் பண்ணியதும் பட்டறைப் பையன் ஒரு அடி பின்வாங்கினான். அந்த ஒரு அடிக்குத்தான் அத்தனை காசும்.

பைப் பெருத்தால் புகை சுலபமாக வெளியேறும், என்ஜின் லேசாக மூச்சுவிடும் என்பது அரைகுறைப் பாடம். சிலிண்டரிலிருந்து புகை தொடர்ந்து வருவதில்லை, விட்டு விட்டு வருகிறது. முன்னால் போன புகை வேகமாக ஓடினால் அதன் பின்னால் ஓர் இழுப்பு உண்டாகி, அடுத்து வருவதையும் உருவிக்கொண்டு போகும். பைப்பை அளவுக்கு மேல் பெரிதாக்கினால் புகையின் ஓட்டம் தளர்ந்து அந்த இழுப்பும் போய்விடும். உச்ச ஆர்.பி.எம்.மில் வேண்டுமானால் கொஞ்சம் லாபம் கிடைக்கலாம். ஊருக்குள் வண்டி ஓடுகிற இரண்டாயிரம், மூவாயிரத்தில் நஷ்டம்தான். ஏர் ஃபில்டர் பெட்டியையும் கழற்றிவிட்டுத் திறந்த ஃபில்டரை மாட்டியிருந்தேன். அது பானட்டுக்குள் கொதிக்கிற காற்றைக் குடித்தது. சூடான காற்றில் அடர்த்தி குறைவு, அதனால் சக்தியும் குறைவு. காசு கொடுத்து இரண்டு பக்கமும் இழந்தேன்.

இதெல்லாம் அன்று தெரியாது என்றால் மன்னிக்கலாம். ஆனால் நாலாவது கியரில் முன்பு ஏறிய மேட்டுக்கு இப்போது மூன்றாவது கேட்டது, அதை என் கைதான் போட்டது. புளியங்குடி சாலையில் நண்பன் கடிகாரம் பிடித்துப் பார்த்தான்; பழைய சைலன்சரோடு எடுத்ததைவிட அதிக நேரம் ஆனது. “ஒன் விரல் லேட்டு” என்று அவனைத் திட்டினேன். அன்று மாலை டீக்கடையில், வண்டி பிய்த்துக்கொண்டு போகிறது என்று நான் சொன்னதற்கு அவனும் தலையாட்டினான்.

சங்கரன்கோவில் விசைத்தறி ஊர். சேலைக்குத் தறி ஓடும் தெருவில் பிறந்த பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் தாலாட்டு. அப்படி ஒரு தெருவில் தறிக்காரர் ஒருவர் என் வண்டியை நிறுத்தினார். “ஏ தம்பி, ராத்திரி பூரா எங்க வீட்ல தறி ஓடுது, பிள்ள அசையாமத் தூங்குதான். ஒன் வண்டி தெருமுனை திரும்பவும் வீல்னு கத்திக்கிட்டு முழிச்சிருதான். நாங்க என்னதான் செய்ய?” கோபமே இல்லாமல் கேட்டார். சரிண்ணே, மாத்திருதேன் என்றேன். மாற்றவில்லை. தெருமுனை வரைக்கும் கேட்கிறதா என்றுதான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். இந்தக் கட்டுரையில் எழுதவே கை கூசுகிற இடம் இதுதான் என்று நினைத்தேன். இதைவிட மோசமானது இனிமேல் வருகிறது.

போன இழுவையைத் திரும்பக் கொண்டுவர ஹெட்டைச் சீவலாம் என்று யாரோ சொன்னார்கள். ஹெட் கோணிப்போனால் மட்டம் எடுக்கச் சீவுவது வழக்கமான வேலைதான். கோணாத ஹெட்டைச் சீவினால் எரியறை சுருங்கும், கம்ப்ரஷன் கூடும், கொஞ்சம் திறனும் கூடும். கணக்கு எளிது. ஜென்னின் போர் 72 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 61. ஒரு சிலிண்டருக்கு 248 சி.சி. அதைச் சுமார் ஒன்பது மடங்கு அமுக்குவதாக வைத்துக்கொண்டால் எரியறைக்கு 31 சி.சி. ஒரு மில்லிமீட்டர் சீவினால் அதில் மூன்று சி.சி. போலக் குறையும், கம்ப்ரஷன் பத்தை நெருங்கும். அதற்கு ஏற்ற பெட்ரோல், ஏற்ற டைமிங், ஏற்ற ஜெட் வேண்டும் என்பது கணக்கின் அடுத்த வரி. அதை நான் படிக்கவில்லை.

அண்ணாச்சி முடியாது என்று சொல்லிவிட்டார். “ஹெட்டு நேரா இருக்கு. நேரா இருக்கத ஏன் சீவணும்?” ஆகவே அவருக்குத் தெரியாமல் ஹெட்டை இறக்கி, வெளியூர் லேத் ஒன்றுக்குக் கொண்டுபோனேன். லேத்காரர் எவ்வளவு எடுக்க என்று கேட்டார். ஒரு மில்லிமீட்டர் என்றேன். அந்த அளவு எங்கிருந்து வந்தது என்றால், சொல்வதற்கு முழு எண்ணாக இருந்தது, அவ்வளவுதான்.

கொஞ்ச நாள் வண்டி நன்றாகவே இழுத்தது. வெயில் ஏறியதும் நாக்கிங் ஆரம்பித்தது. மேட்டில் மிதித்தால் பானட்டுக்குள் கூழாங்கல்லைக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். அப்போது பங்கில் போட்டது 91 ஆக்டேன் பெட்ரோல். ஸ்பார்க் மூட்டிய தீ வந்து சேரும் முன்பே ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை அழுத்தத்திலும் சூட்டிலும் தானாக வெடிக்கிறது. பிஸ்டனுக்கு அது சுத்தியல் அடி. புது ஹெட் போடக் காசில்லை. ஆசையும் அதற்குள் வடிந்துவிட்டது. விற்றுவிடலாம் என்று முடிவெடுத்தேன்.

விற்பதற்கு முன் இரண்டு வேலை செய்தேன். கழித்துப் போட்ட கம்பெனி சைலன்சரைத் தேடியெடுத்துப் பற்றவைத்து மாட்டினேன். டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட்டைத் தளர்த்தி டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளினேன். மெக்கானிக் யாரையும் கூப்பிடவில்லை, என் கையால்தான். ஸ்பார்க் தாமதமாக விழுந்தால் நாக்கிங் அடங்கும். ஆனால் எரிவதும் தாமதம். தள்ள வேண்டிய சக்தி சூடாக மாறி ஹெட்டிலும் வால்விலும் இறங்கும். சமவெளியில் வெறும் வண்டியாக ஓட்டிப் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

வாங்க வந்தவன் எங்கள் பூ மார்க்கெட்டில் மல்லிகை எடுத்துக் கேரளாவுக்குக் கொண்டுபோகிற இளவட்டம். பின்சீட்டை மடக்கிப் பூ மூட்டை போடலாமா என்று பார்த்தான். பிறகு, “அண்ணே, என்ஜின்ல ஏதும் கை வச்சிருக்கா?” என்று கேட்டான்.

“ஒண்ணும் இல்ல தம்பி. கம்பெனி என்ஜின் அப்படியே இருக்கு.”

சங்கரன்கோவிலிலிருந்து அவன் போகிற வழி தென்காசி, செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலை ஏறி புனலூர். விடிவதற்குள் பூ போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்தில், பாரத்தோடு, ஏற்றத்தில் மிதித்துக்கொண்டுதான் போவான். அந்த டைமிங்கில் அந்த ஹெட்டுக்கு இதைவிடக் கொடுமையான வேலையை யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அவன் வழியைச் சொன்னபோதே எனக்கு இது தெரியும். பணத்தை எண்ணி வாங்கினேன்.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்று பிறகு பார்த்ததுண்டு. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில், அனுமதியில்லாமல் மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒலி, புகை வரம்பை மீறினால் 10,000 வரை. நான் விற்றது அதற்கு முன்னால். சட்டத்தைப் படித்ததே, நமக்கு இது பொருந்தாது என்று ஆறுதல்பட்டுக்கொள்ளத்தான்.

ஓணம் நேரத்தில் வண்டி மலையில் நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டேன். ஹெட் கேஸ்கட் போய், தண்ணீர் முழுக்கக் கொதித்து, ஹெட் கோணிவிட்டதாம். ஒரு லோடு மல்லிகை வாடிப்போனது. ஓணத்து விலையில் ஒரு லோடு என்றால் என்ன என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இறக்கிப் பார்த்த மெக்கானிக் ஹெட்டின் உயரத்தை அளந்திருந்தால் என் குட்டு அங்கேயே வெளிப்பட்டிருக்கும். யாரும் அளக்கவில்லை போலிருக்கிறது. பழைய இரும்பு விலைக்கு வண்டி போனது.

அதன் பிறகு பூ மார்க்கெட் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். எப்படியும் சின்ன ஊர். ஆடித்தபசுக் கூட்டத்தில் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டேன். சண்டைக்கு வரப்போகிறான் என்று நினைத்தேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணே, நல்ல வண்டியக் குடுத்தீங்க. எனக்குத்தான் பாத்து ஓட்டத் தெரியல. பாரத்த ஏத்தி ஏத்திக் கொன்னுட்டேன். ஒங்க மொகத்துல முழிக்கவே வெக்கமா இருந்துச்சு.”

“விடு தம்பி, மிஷின்னா அப்படித்தான்” என்றேன்.