நெடியவர்களுக்கு ஒரு வண்டி

தருமபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊரான இண்டூர். ஒகேனக்கல் அருவியை எண்ணியபடி விரைகிறவர்கள் அதைக் கவனியாமல் கடந்துவிடுவது வழக்கம். இக்கட்டுரையை எழுதும் நாங்கள் இருவரும் அவ்வூரில் பிறந்த அண்ணன் தம்பிகள். மூத்தவன் பென்னாகரத்துக்கு அப்பால் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியன். இளையவன் உரக்கடை வைத்திருப்பவன். கடையில் இருப்பதைக் காட்டிலும் சுற்றுப்புறக் கிராமங்களின் வரப்புகளில் நிற்பதே அதிகம். இருவருமே நாளொன்றுக்கு எழுபது, எண்பது கிலோமீட்டர் இருசக்கர வாகனத்தில் அலைகிறவர்கள். எங்களைப் பற்றி இங்கே சொல்லவேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. மூத்தவன் ஆறடி இரண்டு அங்குலம், இளையவன் ஆறடி மூன்று அங்குலம்.

உயரத்தைத் தமிழ் இலக்கியம் கொண்டாடியிருக்கிறது. காவிய நாயகர்களை ஆஜானுபாகு என்பார்கள். முழங்கால்வரை நீண்ட கைகளை உடையவர் என்று பொருள். எங்கள் கதை சற்றே வேறு. மோட்டார் சைக்கிளில் அமர்ந்தால் எங்கள் முழங்கால்கள் தாமே மேலெழுந்து கைகளைத் தேடி வந்துவிடும். வளைவில் ஹேண்டில்பாரைத் திருப்பும்போது அதன் முனை முட்டியில் இடிக்கும். பள்ளிப் பிள்ளைகள் மூத்தவனுக்கு வைத்திருக்கும் பெயர் 'வெட்டுக்கிளி' என்பது அவனுக்குத் தெரியும், தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை.

சிரித்துக் கடந்துகொண்டிருந்த இவ்விஷயம், சென்ற ஆண்டு இளையவனின் வலது முட்டியில் வலியாக வந்து நின்றது. படியிறங்கினால் வலி, நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் வலி. தருமபுரியில் ஒரு மருத்துவரிடம் காட்டினோம். காலை நீட்டி மடக்கிப் பார்த்தவர், ஊசி மருந்து எதையும் பேசாமல், "என்ன வண்டி ஓட்டறீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். முழங்கால் மிகுதியாக மடங்க மடங்க, முட்டிச்சில்லுக்கும் தொடையெலும்புக்கும் இடையிலான அழுத்தம் கூடுகிறது என்று அவர் விளக்கினார். மூன்று மணி நேரம் திரையரங்கில் கால் மடக்கி உட்கார்ந்தவர்களுக்கும் இத்தகைய வலி வருவதுண்டாம். அதனாலேயே ஆங்கில மருத்துவ வழக்கில் இதற்குச் சினிமா பார்ப்பவர்களின் பெயரையும் சேர்த்துச் சொல்வார்களாம். தொடைத் தசைகளுக்குச் சில பயிற்சிகளைக் கற்பித்துவிட்டு, "காலை இவ்வளவு மடக்காத வண்டி பாருங்க" என்று அனுப்பி வைத்தார்.

'காலை மடக்காத வண்டி' என்றதும் ஊரார் அனைவருக்கும் ஒரே விடைதான் தோன்றியது: பெரிய வண்டி. நாங்களும் அவ்வாறே நம்பினோம். விலையைக் கேட்டபோதுதான் விஷயம் கனத்தது. வீடு வந்து சேரும்போது இரண்டு லட்சத்தைத் தாண்டி நிற்கும் வண்டிகள் அவை. மழை பொய்த்து, கடையில் கொடுத்த உரக்கடன் வசூலாகாத ஆண்டு அது. வட்டிக்கு வாங்குவதா, தோட்டத்துப் பத்திரத்தை வைப்பதா என்று வீட்டில் பேச்சு நடந்தது. முட்டியா, தோட்டமா என்று இளையவன் ஒருநாள் வேடிக்கையாகக் கேட்டான். யாரும் சிரிக்கவில்லை.

வாங்குவதற்கு முன் கணக்குப் பார்க்கவேண்டும் என்றான் கணக்கு வாத்தியார். தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு வண்டிக்கும் 'இருக்கை உயரம்' என்று ஓர் எண்ணைத் தருகிறார்கள். நாட்டில் மிகுதியாக ஓடும் ஸ்ப்ளெண்டருக்கு அது 785 மில்லிமீட்டர். ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350-க்கு 805. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-க்கு 823. 2023 நவம்பரில் விற்பனைக்கு வந்த ஹிமாலயன் 450-க்கு 825. அதன் இருக்கையை 845 வரை உயர்த்திக்கொள்ளலாம். முதல் இரண்டு எண்களைப் பாருங்கள். ஸ்ப்ளெண்டருக்கும் கிளாசிக்குக்கும் எடையில் எண்பது கிலோ அளவுக்கு வேறுபாடு உண்டு. இருக்கை உயரத்தில் வேறுபாடு இரண்டு சென்டிமீட்டர்தான்.

அதைவிட முக்கியமான ஒன்று பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. இருக்கை உயரம் என்பது தரையிலிருந்து அளப்பது. குள்ளமானவர்களுக்கு அந்த எண் பயன்படும். வண்டியை நிறுத்தும்போது கால் தரையில் ஊன்றுமா என்பதே அவர்கள் கவலை. நெடியவர்களுக்குத் தரை ஒரு பொருட்டே அல்ல. வண்டி ஓடும்போது நம் பாதம் இருப்பது தரையில் அன்று, ஃபுட் ரெஸ்ட்டில். ஆகவே நமக்கு வேண்டிய அளவு, இருக்கைக்கும் ஃபுட் ரெஸ்ட்டுக்கும் இடையிலுள்ள தூரம். கடைகளில் தரும் விவரத்தாள்களில் நாங்கள் தேடியவரையில் அந்த எண் இல்லை. தையற்காரரின் டேப் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைகடையாக அளந்தோம். இருக்கை உயர்ந்த சில வண்டிகளில் ஃபுட் ரெஸ்ட்டும் கூடவே உயர்ந்திருந்தது. கால் மடங்குவது மடங்கியபடியேதான். ஒரு கடையில் விற்பனையாளர், "இவ்ளோ உயரத்துக்குக் கார்தான் சார் சரி" என்று முடிவு சொல்லிவிட்டார்.

இவ்வண்டிகள் ஏன் இப்படி அமைந்தன என்று யோசித்தால் குறை சொல்லத் தோன்றவில்லை. 1955-ல் சென்னையில் புல்லட் தயாரிப்பு தொடங்கியது. அது கனத்த, விலைமிக்க வண்டி. 1980-களின் நடுவில் ஜப்பானிய நிறுவனங்களின் கூட்டுறவோடு நூறு சி.சி. வண்டிகள் வந்தன. 1984-ல் இண்ட்-சுசுகி வந்தது ஓசூரிலிருந்து. 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரியும்வரை ஓசூரும் எங்கள் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. 1985-ல் ஹீரோ ஹோண்டாவும் யமஹா ஆர்.எக்ஸ். 100-ம் வந்தன. எடை குறைவு, பெட்ரோல் செலவு குறைவு. நடுத்தரக் குடும்பம் முதன்முறையாக மோட்டார் சைக்கிள் ஏறியது அவற்றால்தான். 2020-ல் லான்செட் இதழில் வெளிவந்த உலகளாவிய ஆய்வொன்று, பத்தொன்பது வயது இந்திய ஆண்களின் சராசரி உயரத்தை ஏறத்தாழ 166 சென்டிமீட்டர் என்கிறது. நாங்களோ 188-ம் 190-ம். பெரும்பான்மையோருக்காகத் தைத்த சட்டை எங்களுக்குப் பிடிக்கிறது என்றால் தையற்காரர் மேல் கோபித்துப் பயனில்லை.

ஆனால் சட்டையைப் பிரித்துத் தைக்கலாமே? அந்த எண்ணத்தை எங்களுக்குக் கொடுத்தவர் தருமபுரியில் சீட் தைக்கும் ஒரு பெரியவர். நாங்கள் 'பாய்' என்று அழைக்கும் அவரிடம் கிழிந்த சீட் உறையை மாற்றப் போயிருந்தோம். இளையவன் காலை நீட்டி நீட்டி உதறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "தம்பி, வண்டிய மாத்தாதீங்க. குந்தற எடத்த மாத்துங்க" என்றார். பிறகு மூலையில் கிடந்த பழைய போர்வையொன்றை நான்காக மடித்துச் சீட்டின் மேல் வைத்து, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டினார். "ஒரு வாரம் இப்பிடியே ஓட்டிப் பாருங்க. புடிச்சா அறுத்துத் தெச்சித் தரேன். புடிக்கலன்னா போர்வைய மட்டும் திருப்பிக் குடுங்க."

அந்த டியூபைப் பார்த்ததும் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம்.

எங்கள் அப்பாவும் ஆறடிக்கு மேற்பட்டவர். 1990-களில் அவரிடம் இருந்தது ஐம்பது சி.சி. மொபெட் ஒன்று. அதன் சீட்டின் மேல் எப்போதும் ஒரு சாக்கு மடித்து வைத்துச் சைக்கிள் டியூபால் கட்டியிருப்பார். கிழிந்த சீட்டை மறைக்க, புதிய உறை வாங்கக் காசின்றி, அவர் அப்படிச் செய்திருப்பதாகவே நாங்கள் நம்பினோம். புளி மூட்டைக்குப் பயன்பட்ட சாக்கு. மழையில் நனைந்தால் நாறும். 1996-ல் மூத்தவன் எட்டாம் வகுப்பில் இருந்தபோது பள்ளி வாசலில் யாரோ அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அன்று மாலை, இனி எங்களை இறக்கிவிட வருவதானால் அந்தச் சாக்கு இருக்கக்கூடாது என்று அவன் அழுதான். இளையவனும் கூடச் சேர்ந்து அழுதான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சாக்கு இல்லை. அதன்பின் அந்த மொபெட்டை விற்கும்வரை, ஒன்பது ஆண்டுகள், அது இல்லை. சாக்கை எடுத்தபோது நாங்கள் பார்த்திருக்கவேண்டிய ஒன்றைப் பார்க்கவில்லை: அடியில் இருந்த சீட்டு கிழியவே இல்லை.

அப்பாவுக்கு இப்போது எழுபத்து மூன்று வயது. தடியூன்றித்தான் நடக்கிறார். அவருடைய முட்டிகள் தேய்ந்ததற்கு அந்த ஒன்பது ஆண்டுகளே காரணம் என்று சொல்ல எங்களுக்கு அதிகாரமில்லை. உழவும் மூட்டை சுமந்ததும் வயதும் அதில் உண்டு. ஆயினும் அன்றிரவு அவரிடம் கேட்டோம். "சாக்கு எதுக்குப்பா கட்டியிருந்தீங்க?" அவர் சற்று யோசித்துவிட்டு, "சாக்கு போட்டாக் காலு கொஞ்சம் நீளும்டா. அவ்ளோதான்" என்றார். எங்கள் அழுகையை அவர் நினைவுபடுத்தவில்லை. நாங்களும் செய்யவில்லை.

ஒரு வாரம் போர்வையோடு ஓட்டினோம். மூத்தவன் கரும்பலகைக் கணக்கொன்று போட்டுக் காட்டினான். தொடை 46 சென்டிமீட்டர், முழங்காலிலிருந்து பாதம்வரை 46, இடுப்புக்கும் ஃபுட் ரெஸ்ட்டுக்கும் நடுவே 55 என்று கொண்டால் முழங்காலின் கோணம் ஏறத்தாழ 73 பாகை. இருக்கையை ஐந்து சென்டிமீட்டர் உயர்த்தினால் அது ஏறத்தாழ 81 பாகை. எட்டுப் பாகை என்பது காகிதத்தில் அற்பம். எழுபது கிலோமீட்டருக்குப் பிறகு முட்டி அதை நன்றாக அறிகிறது.

பிறகு பாய் வேலையைத் தொடங்கினார். பழைய பஞ்சின் மேல் கெட்டியான ஃபோமை ஒட்டி, உட்காரும் இடத்தில் ஐந்து சென்டிமீட்டர் உயர்த்தினார். மென்மையான ஃபோம் வேண்டாம், ஆள் உட்கார்ந்ததும் அமுங்கிப் பழைய உயரத்துக்கே வந்துவிடும் என்றார். ஓட்டுபவரை முன்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்த மேட்டைச் செதுக்கிப் பின்னால் நகர்த்தினார். நெடிய தொடைக்கு அந்த இரண்டு அங்குலம் பெரிய விடுதலை.

இருக்கை உயர்ந்ததும் கைகள் தாழ்ந்து, முதுகு முன்னால் வளைந்தது. இருக்கை, ஃபுட் ரெஸ்ட், ஹேண்டில்பார் ஆகிய மூன்று புள்ளிகளும் ஒரு முக்கோணம். ஒன்றை நகர்த்தினால் மற்றதும் நகரவேண்டும். மெக்கானிக் ஹேண்டில்பாரின் பிடிக்குக் கீழே கட்டை வைத்து இரண்டரை சென்டிமீட்டர் உயர்த்தினார். அதற்குமேல் உயர்த்தினால் கிளட்ச், ஆக்சிலரேட்டர் கேபிள்களும் பிரேக் குழாயும் இழுபடும் என்று நிறுத்திக்கொண்டார். இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்தபின்பே விட்டார். கியர் நெம்புகோலையும் பிரேக் மிதியையும் எங்கள் பெரிய பாதங்களுக்கேற்பத் திருகி வைத்தார். பின்பக்க ஷாக் அப்சார்பரை ஒரு படி இறுக்கினார். கனத்த ஆள் அமர்ந்தால் வண்டி பின்னால் அமுங்குவது அதனால் குறையும். ஃபுட் ரெஸ்ட்டைக் கீழே இறக்கலாமா என்று கேட்டோம். "ஒகேனக்கல் எறக்கத்துல சாய்ச்சித் திருப்பறப்போ தரையில ஒரசும்ணா, வேணாம்" என்றார்.

சட்டத்தையும் மறக்கக்கூடாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் வகுத்ததிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. சட்டகத்தை வெட்டி ஒட்டுவது, எஞ்சினை மாற்றுவது போன்றவற்றில் நாங்கள் இறங்கவில்லை. பஞ்சும் கட்டையும் திருகுமே எங்கள் மாற்றங்கள். வேண்டாமென்றால் ஒரு மாலைப் பொழுதில் பழையபடி ஆக்கிவிடலாம்.

செலவு மூவாயிரத்துக்கும் குறைவு. தோட்டத்துப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கிறது. இளையவனின் வலி முற்றாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டோம். மருத்துவர் சொன்ன பயிற்சிகளும் தொடர்கின்றன. ஆனால் படியிறங்கும்போது அவன் இப்போது கைப்பிடியைத் தேடுவதில்லை. பெரிய வண்டி வாங்க வசதியுள்ள நெடியவர்கள் தாராளமாக வாங்கட்டும். ஒரு டேப்பையும் எடுத்துச் செல்லுங்கள், சி.சி.யைக் கேட்பதற்குமுன் இருக்கைக்கும் ஃபுட் ரெஸ்ட்டுக்கும் இடையே அளந்து பாருங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

ஒரு குறையும் உண்டு. உயர்ந்த சீட்டில் வீட்டிலுள்ள பிறர் ஏறுவது கடினமாகிவிட்டது. மாதமொருமுறை அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்போது வண்டியைத் திண்ணையோரம் நிறுத்துகிறோம். அவர் திண்ணையில் ஏறி நின்று, அங்கிருந்து காலைப் போட்டு அமர்கிறார். முதன்முறை அப்படி அமர்ந்தபோது சீட்டைக் கையால் அமுக்கிப் பார்த்தார்.

"உள்ள என்னடா வெச்சிருக்கீங்க, சாக்கா?"

"ஆமாப்பா" என்றோம்.