எங்கள் வீட்டு எம்டன்

உங்கள் வீட்டிலும் ஓர் 'எம்டன்' உண்டல்லவா?

சமீபத்தில் வடுகபட்டி போயிருந்தேன். பூண்டுச் சந்தைக்குப் பெயர் போன ஊர். கடலோ வெகு தூரம். அங்கே ஒரு வீட்டில், சித்தப்பா ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த பழைய ஜெர்மன் சிப்பாய்ப் பொம்மையைப் பொடியன் ஒருவன் சந்தடியில்லாமல் அலமாரியிலிருந்து இறக்கிவிட்டான். "சரியான எம்டன்டா நீ!" என்றார் அப்பத்தா.

பொம்மை மட்டுமல்ல, அந்தச் சொல்லும் ஜெர்மனியிலிருந்து வந்ததுதான் என்றேன். அப்பத்தா நம்பவில்லை. நீங்களாவது கேளுங்கள்.

எம்டன் ஒரு போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு, சத்தமில்லாமல் சென்னையை நெருங்கிச் சுமார் 130 குண்டுகளைப் பொழிந்தது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் கொழுந்துவிட்டு எரிந்தன. துறைமுகத்தில் சிலர் மாண்டனர். ஜனங்கள் மூட்டை முடிச்சுடன் ஊரைவிட்டே ஓடினார்கள். நவம்பர் 9-ல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலான 'சிட்னி' எம்டனை வீழ்த்தியது.

பிழைத்த மாலுமிகள் தங்கள் பெயரோடு 'எம்டன்' என்று சேர்த்துக்கொள்ள ஜெர்மனி அனுமதித்தது. அங்கே அது குடும்பப் பெயர். இங்கே செல்லப் பெயர்!

நடுங்கி ஓடியவர்களின் பயம், நம் பெண்கள் வாயில் கொஞ்சலாகிவிட்டது. நல்லதுதான். ஆனால், சுட்டவர்களின் நினைவுக்குப் பொம்மையும் உண்டு, பெயரும் உண்டு. துறைமுகத்தில் மாண்டவர்களுக்கு? அடுத்த முறை 'எம்டன்' என்று அழைக்கும்போது, அவர்களையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்களேன்.