‘நிரந்தரம்’ என்ற சொல் போதவில்லை

“ஒரு கம்பெனியிடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா? லாபத்துக்குத்தானே நடத்துகிறார்கள்?” டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ரசிகர்களான எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் பாத்திரங்களாக மாறிப் பகடை உருட்டி ஆடும் விளையாட்டு. 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. நாங்கள் ஏன் எதிர்பார்க்கிறோம் என்று சொல்கிறோம்.

2000ஆம் ஆண்டில் அதன் பதிப்பாளரான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் ஒரு திறந்த உரிமம் வெளியிட்டது. அடிப்படை விதிகளை வைத்து யாரும் புதிய கதைகளை எழுதி விற்கலாம், கட்டணம் இல்லை. அதை நம்பிச் சிறு பதிப்பாளர்களும் எழுத்தாளர்களும் பிழைப்பை அமைத்துக்கொண்டார்கள். விளையாட்டு வளர்ந்ததில் அவர்கள் உழைப்பும் இருக்கிறது.

2023 ஜனவரியில் புதிய உரிமத்தின் வரைவு கசிந்தது. பழைய உரிமம் இனி செல்லாது; ஆண்டு வருமானம் 7.5 லட்சம் டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 25 சதவீதம் வரை ராயல்டி. பழைய உரிமத்தில் ‘நிரந்தரம்’ என்ற சொல் இருந்தது. ‘திரும்பப் பெற முடியாது’ என்பது இல்லை. அந்த இடத்தில்தான் கை வைத்தார்கள்.

ஆடுபவர்களில் பெரும்பாலோர் எதையும் பதிப்பிப்பதில்லை. அந்த ராயல்டி அவர்கள் பையிலிருந்து போகப்போவதில்லை. ஆனாலும் எழுதிப் பிழைப்பவர்களுக்காக இணையச் சந்தாவை ரத்து செய்தார்கள். நிறுவனம் இறங்கி வந்தது, ராயல்டியைக் கைவிட்டது. ஆனால் பழைய உரிமம் செல்லாது என்பதைத் திருத்திய வரைவிலும் விடவில்லை. கருத்துக் கேட்பில் 15,000-க்கும் மேற்பட்டோர் பதில் எழுதினார்கள்; 89 சதவீதத்தினர் அதை ஏற்கவில்லை. ஜனவரி 27 அன்று பழைய உரிமம் தொடரும் என்று அறிவித்தார்கள். அடிப்படை விதிகளை, திரும்பப் பெற முடியாத கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திலும் வெளியிட்டார்கள்.

தோழர்களே, முதல் இறக்கத்திலேயே ரசிகர்கள் சமாதானம் ஆகியிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? ராயல்டி போயிருக்கும், பறிக்கும் அதிகாரம் அங்கேயே இருந்திருக்கும். கொடுத்தவர் நினைத்தால் எடுத்துக்கொள்ளலாம் என்றால் அது சலுகைதான், உரிமை ஆகாது. யார் எந்த ஒப்பந்தத்தை நீட்டினாலும், என்ன தருகிறார்கள் என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். தந்ததைத் திரும்ப எடுக்க முடியுமா என்று சொல்லும் வரியைத் தேடிப் படியுங்கள். அது இல்லையென்றால் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.