அப்பாவின் சட்டைப் பை

பிறர் தபால் தலை சேர்த்த வயதில் நான் பஸ் சீட்டுச் சேர்த்தேன். கட்டணத்துக்கு ஒரு நிறம். சீட்டு எண்ணைக் கூட்டி ஒன்பது வந்தால் பரீட்சையில் தேறிவிடலாம் என்பது என் சாஸ்திரம். சாஸ்திரம் பொய்த்தது வேறு கதை.

1998-ல் நாங்கள் மயிலாப்பூரில் இருந்தோம். அப்பாவுக்கு அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் கணக்கு வேலை. தினமும் சாயங்காலம் அவர் சட்டைப் பையைத் துழாவுவது என் உரிமை. திடீரென்று ஒரு வாரமாக, குறைந்த கட்டணச் சீட்டுகளாக வரத் தொடங்கின. என்னிடம் அதிகம் இல்லாத நிறம்! எனக்கு ஒரே குஷி.

இன்னொரு பைத்தியமும் உண்டு: பறக்கும் ரயில். 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கி, 1997-ல் மயிலாப்பூருக்கு வந்திருந்தது. ஸ்டேஷன்களோ, கல்யாணம் முடிந்த சத்திரம் மாதிரி அவ்வளவு பெரியவை, அவ்வளவு காலி. கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு, கீழே பக்கிங்ஹாம் கால்வாயைப் பார்த்துக்கொண்டே போவதும் வருவதுமாக இருப்பேன்.

அப்படி ஒரு மத்தியானம், சேப்பாக்கத்தில் வண்டி நின்றது. எதிர்ப் பிளாட்பாரத்து பெஞ்சில் அப்பா. பக்கத்தில் டிபன் டப்பா. படித்து முடித்த பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு, தண்டவாளத்தையே பார்த்திருந்தார். நான் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டேன். மட்டம் போட்டவன் நான் ஒருவன் மட்டும் என்று அதுவரை எண்ணியிருந்தேன்.

தொழிற்சாலை கதவடைத்த விஷயம் அம்மாவுக்கே பிறகுதான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் நான் சட்டைப் பையின் பக்கம் போகவில்லை.

"ஏண்டா, இன்னிக்குச் சீட்டு வேண்டாமா?" என்று அப்பாவே எடுத்து நீட்டினார்.

வாங்கிக்கொண்டு, எண்ணைக் கூட்டுவதுபோல் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.