ஆயர் ஈத்தாம்: ஈரம் காயாத மண்

ஜொகூர் பாருவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டரில் இருக்கிறது ஆயர் ஈத்தாம். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் பழைய சாலையும், பத்து பகாட்டிலிருந்து குளுவாங் வழியாக மெர்சிங் போகும் சாலையும் இங்கேதான் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்படும் வரை தெற்கே போனவர்களில் பலர் இந்தச் சந்திப்பைத் தொட்டுத்தான் போனார்கள். விரைவுப் பேருந்துகள் இங்கே நின்று மூச்சு வாங்கின. வேகவைத்த சோளமும் ஓத்தாக் ஓத்தாக்கும் கைமாறின. அந்தக் காலத்தில் சிங்கப்பூர்ச் சொந்தங்களைப் பார்க்கப் போன எந்தக் குடும்பத்திலும் இந்த ஊரில் வாங்கிய ஒரு பொம்மையோ பூச்சாடியோ இருந்திருக்கும்.

இன்று வேகமாகப் போகிறவர்கள் மேலே பறந்துவிடுகிறார்கள். ஆனாலும் சாலையோரத்தில் பீங்கான் கடைகள் இன்னும் வரிசையாக இருக்கின்றன. துணி பொம்மைகள், பிளாஸ்டிக் பூக்கள், ஆளுயரச் சாடிகள், உண்டியல்கள். அம்மாவை அழைத்துக்கொண்டு ஜொகூர் பாருவுக்குப் போன ஒரு சனிக்கிழமை, நெடுஞ்சாலையை விட்டு இறங்கி இந்த ஊருக்குள் வந்தோம். அம்மா பிறந்து வளர்ந்தது குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில்.

இந்த வட்டாரத்தின் மண்பாண்டத் தொழிலுக்கு டிராகன் சூளைதான் அடையாளம். மேட்டுச் சரிவில் நீளமாகக் கட்டிய சூளை. கீழ்வாயில் நெருப்பு மூட்டினால் அனல் தானாக மேலே ஏறும். பக்கவாட்டுத் துளைகள் வழியாக விறகு போட்டுக்கொண்டே போவார்கள். ரப்பர் செழித்த காலத்தில் இத்தகைய சூளைகளில் பூச்சாடிகளோடு பால் மங்குகளும் வெந்தன. நம் தாத்தா பாட்டிகள் விடியற்காலையில் மரத்துக்கு மரம் கவிழ்த்து நிமிர்த்திய அதே மங்குகள்தான்.

பட்டறையில் ஒருவர் சக்கரத்தில் சாடி வனைந்துகொண்டிருந்தார். பாதியில் விளிம்பு கோணிவிட்டது. அவர் முகம் மாறவில்லை. அப்படியே அமுக்கி உருண்டையாக்கி மறுபடி தொடங்கினார். பச்சை மண் என்றால் காய்ந்தே போனாலும் தண்ணீரில் ஊறவைத்துத் திரும்பப் பிசைந்துவிடலாம், சூளைக்குள் போய் வந்தது உடைந்தால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது என்று விளக்கினார்.

குயவன் வீட்டில் கேட்ட செய்தி

விவிலியத்தில் எரேமியா என்ற இறைவாக்கினரின் நூலில், 18ஆம் அதிகாரத்தில், இதே காட்சி வருகிறது. குயவன் வீட்டுக்குப் போ என்று கடவுள் அவரை அனுப்புகிறார். கையில் கெட்டுப்போன பாண்டத்தைக் குயவன் எறியவில்லை, அதே மண்ணை வேறு பாண்டமாக வனைகிறான். அந்த இடத்தில் கடவுள் பேசுவது தனி மனிதனைப் பற்றி அல்ல, ஒரு தேசத்தைப் பற்றி. தீமையை விட்டு ஒரு தேசம் திரும்பினால், அதற்கு நேரவிருந்த தண்டனையைத் தாமும் கைவிடுவதாகச் சொல்கிறார். அடுத்த அதிகாரத்தில் எரேமியா சுட்ட கலயம் ஒன்றை வாங்கிப்போய் ஊரார் முன் போட்டு உடைக்கிறார். அது இனி ஒட்டாது.

இரண்டு அதிகாரங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஈரம்தான். தமிழில் இரக்கத்துக்கும் ஈரம் என்றுதான் பெயர். நெஞ்சில் ஈரம் இருக்கிறவரைதான் மனிதன் திரும்புவான், தேசமும் திரும்பும். கிறிஸ்தவர்கள் 'மனந்திரும்புதல்' என்று சொல்வதில் வருத்தப்படுவதை விட 'திரும்புதல்' என்ற சொல்லுக்கே கனம் அதிகம். வந்த வழியே திரும்பி, தவறு நடந்த இடத்துக்கும் தவறிழைக்கப்பட்டவரிடமும் போய் நிற்பது அது.

அரை நாள் தூரத்தில் ஒரு பாலம்

ஆயர் ஈத்தாமுக்கு இந்தப் பேச்சு பொருந்துவதற்குக் காரணம் உண்டு. 1942 ஜனவரியில் ஜப்பானியப் படை தெற்கே இறங்கியபோது, பத்து பகாட், ஆயர் ஈத்தாம், குளுவாங் என்ற கோட்டில்தான் பிரிட்டிஷ் தரப்பு அவர்களைத் தடுத்து நிறுத்த முயன்றது. அதற்குச் சற்று முன்பு, மூவார் பக்கமிருந்து யோங் பெங் நோக்கிப் பின்வாங்கிய ஆஸ்திரேலிய, இந்தியப் படையினர் பாரிட் சூலோங் பாலத்தில் வழி மறிக்கப்பட்டார்கள். நடக்க முடிந்தவர்கள் சதுப்புக் காட்டுக்குள் சிதறினார்கள். நடக்க முடியாத காயக்காரர்கள் பின்னே விடப்பட்டார்கள். ஜனவரி 22ஆம் தேதி அவர்களில் ஏறத்தாழ 150 பேர் கொல்லப்பட்டார்கள். செத்ததுபோல் கிடந்து தப்பிய சிலரால்தான் நடந்தது உலகத்துக்குத் தெரிந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யோங் பெங் போய், மேற்கே திரும்பி, பாரிட் சூலோங் சேர்ந்தோம். செம்பனைக்கு நடுவே அமைதியான சிற்றூர். சிம்பாங் கிரி ஆறு பழுப்பாக ஓடுகிறது. அங்கே இறந்தவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. அம்மா அதைத் தொட்டுப் பார்த்தார்.

"இவங்களுக்காவது கல்லு வச்சிருக்காங்க. எங்க பெரியப்பாவுக்கு என்ன இருக்கு?"

அம்மாவின் பெரியப்பா சயாமுக்குப் போனவர். தோட்டத்துக்கு லாரி வந்தது, ஏறினார், திரும்பவில்லை. 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் பர்மா ரயில் பாதை 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டபோது, போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்று மதிப்பிடப்படுகிறது. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். போர்க்கைதிகளுக்குக் காஞ்சனாபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம்மவர்களில் மிகப் பலருக்குப் புதைத்த இடமே தெரியாது.

திரும்பி வந்தவர்கள்

மலாயில் 'ஆயர்' என்றால் தண்ணீர். நம் கிறிஸ்தவத் தமிழில் ஆயர் என்றால் மேய்ப்பர், திருச்சபைத் தலைவர். திரும்பும் வழியில் அம்மாவுக்கு அப்படி ஓர் ஆயரின் கதையைச் சொன்னேன்.

போர்க்காலத்தில் சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் பேராயராக இருந்தவர் லியோனார்ட் வில்சன். 1943 செப்டம்பரில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஜப்பானியக் கப்பல்கள் தகர்க்கப்பட்டன. அதைச் செய்தவர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து ரகசியமாக வந்த படையினர். பழி சிங்கப்பூர்ச் சிறையிலிருந்தவர்கள் மேல் விழுந்தது. அக்டோபரில் கெம்பெய்தாய் இராணுவப் போலீஸ் 57 பேரைப் பிடித்துச் சென்றது. 15 பேர் இறந்தார்கள். வில்சனையும் கட்டிவைத்துக் கயிற்றால் அடித்தார்கள். அந்த வேளையில், அடிப்பவர்களைப் பெற்றோர் மடியில் விளையாடிய குழந்தைகளாக நினைத்துப் பார்த்ததாகவும், குழந்தைகளை வெறுக்க முடியவில்லை என்றும் போருக்குப் பிறகு, 1946இல், பிபிசி வானொலியில் அவர் சொன்னார். பின்னர், அவரைச் சித்திரவதை செய்தவர்களில் ஒருவர் கிறிஸ்தவராக மாறினார். தலையில் கைவைத்து அவருக்குத் திடப்படுத்தல் சடங்கைச் செய்தவர் வில்சனேதான்.

இன்னொருவர் நாகாசே தாகாஷி. காஞ்சனாபுரியில் கெம்பெய்தாயின் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். எரிக் லோமாக்ஸ் என்ற பிரிட்டிஷ் கைதி சித்திரவதை செய்யப்பட்டபோது கேள்விகளை மொழிபெயர்த்தவர் இவர். போர் முடிந்ததும் ரயில் பாதையோரம் கல்லறைகளைத் தேடிய குழுவோடு அனுப்பப்பட்டார். அங்கே பார்த்தது அவரை விடவில்லை. பிற்காலத்தில் நூறு தடவைக்கு மேல் தாய்லாந்துக்குப் போனார். 1986இல் குவாய் நதிப் பாலத்தருகே ஒரு சமாதானக் கோயில் எழுப்பினார். 1993இல் லோமாக்ஸ் அவரைத் தேடி வந்தார். அரை நூற்றாண்டு வெறுப்போடு வந்தவர், கடைசியில் மன்னித்ததாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நாகாசே கிறிஸ்தவர் அல்ல, பௌத்தர். ஆனால் மனந்திரும்புதலுக்கு அவரைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

தேசங்கள் இதில் தடுமாறுகின்றன. பாரிட் சூலோங் கொலைகளுக்காகத் தளபதி நிஷிமுரா தாகுமா 1951 ஜூனில் மானுஸ் தீவில் தூக்கிலிடப்பட்டார். அது தண்டனை. 1967 உடன்பாட்டின்படி ஜப்பான் மலேசியாவுக்கு 25 மில்லியன் வெள்ளி பெறுமான உதவி அளித்தது. அது இரண்டு சரக்குக் கப்பல்களாக வந்தது. அது கணக்குத் தீர்த்தல். 1995 ஆகஸ்ட் 15இல் பிரதமர் முராயாமா, ஜப்பானின் காலனி ஆட்சியாலும் படையெடுப்பாலும் துன்புற்ற மக்களிடம் மனமார மன்னிப்புக் கேட்டார். அதுதான் திரும்புதலுக்கு மிக அருகில் வந்தது. ஆனால் அதற்குள் 50 ஆண்டுகள் ஓடிவிட்டன. சயாமுக்குப் போனவர்களின் மனைவிமாரில் பலர் அதைக் கேட்க உயிரோடு இல்லை.

யார் மன்னிப்பது?

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா ஒன்று சொன்னார்: "பேராயர் அடிபட்டாரு, அவரு மன்னிக்கலாம். பெரியப்பாவுக்குப் பதிலா நான் எப்படி மன்னிக்கிறது?"

எனக்கு விடை தெரியவில்லை. இறந்தவரின் கணக்கை இருப்பவர் மூடிவிட முடியாது. நினிவே நகரத்தார் மனந்திரும்பி, கடவுள் அவர்களைத் தப்பவிட்டபோது, செய்தி கொண்டுபோன யோனாவே கோபித்துக்கொண்டதாக விவிலியம் சொல்கிறது. பகைவன் பிழைத்துப்போவது அவருக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கோபத்துக்காகக் கடவுள் அவரைத் தண்டிக்கவில்லை, பொறுமையாகப் பேசுகிறார். இறை இரக்கம் எவ்வளவு பெரியது என்பதோடு, அதை ஏற்றுக்கொள்வது பாதிக்கப்பட்டவருக்கு எவ்வளவு கடினம் என்பதும் அந்தக் கதையில் இருக்கிறது. மன்னித்துவிடு என்று பாதிக்கப்பட்டவரை அவசரப்படுத்த நமக்கு உரிமை இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா, நான் அதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னார். பெரியப்பாவின் பெயரைப் பட்டியலில் எழுதிக் கொடுத்தது ஜப்பான்காரர் அல்லவாம். நம் ஆள்தான், அதே தோட்டத்துத் தமிழர். இத்தனை பேர் வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, யாரை அனுப்புவது என்று சில தோட்டங்களில் நம்மவர்களே முடிவு செய்ததாக முதியவர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். நம் வீட்டுக் கதையிலும் அது இருக்கும் என்று நினைத்ததில்லை.

போர் முடிந்து சில மாதங்கள் கழித்து அந்த மனிதர் பெரியம்மாவின் லயத்து வீட்டு வாசலில் வந்து நின்றாராம். உள்ளே வரவில்லை. நான்தான் பேர் எழுதினேன் என்றாராம். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

"பெரியம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்துட்டு, ஒரு சொம்பு தண்ணி கொண்டுவந்து குடுத்தாங்களாம்."

அது மன்னிப்பா என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. ஆனால் அந்த மனிதர் வேறு தோட்டத்துக்கு ஓடிப்போகவில்லை. பெரியம்மா இருந்தவரை அவர் வீட்டுக்கு விறகு பிளந்து போட்டார் என்பது அம்மாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அடுத்த முறை தெற்கே போகும்போது, நேரமிருந்தால் ஆயர் ஈத்தாமில் இறங்குங்கள். சோளம் வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குச் சக்கரம் சுற்றுவதைக் காட்டுங்கள். பாரிட் சூலோங் பாலம் வரை போய்வர அரை நாள் போதும். காரில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால், உங்கள் குடும்பத்திலிருந்து சயாமுக்குப் போனவர் யார் என்று கேளுங்கள். பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பெரிய தாத்தாவின் பெயரை அம்மா அன்று இரவு என் மகளின் பள்ளி நோட்டில் எழுதிக் கொடுத்தார். வீட்டில் அந்தப் பெயர் எழுத்தில் வந்தது அதுதான் முதல் தடவை.