றகரத்தில் நின்ற பெயர்

மருதமுனையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் கடல் ஊருக்குள் வந்தபோது, அவருடைய அலுமாரியும் அதனுள் இருந்த நூல்களும் போயின. இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களைப் பலிகொடுத்த மாவட்டம் அம்பாறை. பிள்ளைகளைப் பறிகொடுத்த அயலாரின் நடுவே நூல்களுக்காக வருந்துவது முறையன்று எனக் கருதி, அவர் நெடுங்காலம் அதுபற்றி வாய் திறக்கவில்லை. பின்னொருநாள் சீ.ஆர். கொப்பியொன்றை விரித்து, அலுமாரியில் இருந்தவற்றை நினைவிலிருந்து எழுதத் தொடங்கினார். தட்டுத் தட்டாக, அவை நின்ற ஒழுங்கிலேயே எழுதினார்.

ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீடத்திற் பயிலும் அவருடைய மகன், அக்கொப்பியை அகரவரிசைப் பட்டியலாக்க முன்வந்தான். இதற்கு அவன் தேர்ந்தது எக்ஸ்எம்எல் என்னும் குறிமுறை. 1998இல் வகுக்கப்பட்ட இம்முறையில், ஒவ்வொரு செய்தியும் தான் இன்னதென்று கூறும் குறிச்சொற்களுக்கிடையே வைக்கப்படும். ‘நூல்’, ‘ஆசிரியர்’, ‘முதலெழுத்து’ என அக்குறிச்சொற்களைத் தமிழிலேயே எழுதவும் இடமுண்டு. தாளில் அது எவ்வாறு தோன்றவேண்டும், எந்த வரிசையில் அமையவேண்டும் என்பவற்றை நடைத்தாள் என்னும் வேறொரு கோப்பு தீர்மானிக்கும். அதற்குரிய மொழியான எக்ஸ்எஸ்எல்டியின் முதற் பதிப்பு 1999இல் வெளிவந்தது. பிற்பதிப்புகள் பல வசதிகளைச் சேர்த்தபோதிலும், இணைய உலாவிகள் முதற் பதிப்புக்கு அப்பாற் செல்லவில்லை. அவனுக்கு வாய்த்ததும் அதுவே.

முதலில் அச்சாகி வந்த தாளில், பெயர்களிற் பெரும்பாலானவை எகரத்திலும் ஏகாரத்திலும் குவிந்து கிடந்தன. எம்., எஸ்., ஏ. என ஆங்கில முதலெழுத்துகளைத் தமிழில் எழுதும் வழக்கத்தின் விளைவு இது. கல்முனைக்குடி தந்த மொழியியலாளர் எம். ஏ. நுஃமானும் எகரத்திலேயே நின்றார். முதலெழுத்துக்குத் தனிக் குறிச்சொல் இருந்தமையால் இதனைத் திருத்துவது எளிதாயிற்று.

அடுத்த குறை எளிதில் தீரவில்லை. அகத்தியருக்குப் பின்னால் அக்கரைப்பற்று வந்தது. மருதமுனைக்கு முன்னால் மனோன்மணீயம் வந்தது. காரணம் யுனிகோட். அதிலுள்ள தமிழ் எழுத்துகளின் ஒழுங்கு, 1988இல் இந்தியாவில் அமைந்த தரத்தைத் தழுவியது. தேவநாகரியின் வரிசைக்கு ஏற்ப னகரம் நகரத்தின் அருகிலும், றகரம் ரகரத்தின் அருகிலும், ழகர ளகரங்கள் லகரத்தின் அருகிலும் வைக்கப்பட்டன. புள்ளியோ ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பின்னே கிடக்கிறது. தமிழ் வரிசையைக் கேட்பதற்கு நடைத்தாளில் ஒரு சொல் உண்டெனினும், அதனை மதிப்பதும் மதியாததும் இயக்கும் மென்பொருளின் விருப்பம். அவனுடைய மென்பொருள் மதிக்கவில்லை.

முதலில் அவன் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஓர் ஆங்கில எழுத்தைப் பதிலியாக வைத்தான். பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் கணினி ஒன்றாகக் கலந்து அடுக்கிவிட்டது. பின்னர் வேறொரு வழி கண்டான். முதலிற் புள்ளி, அடுத்துச் சொல்லின் முடிவைக் காட்டும் ஒரு குறி, பின்னர் உயிர், ஆய்தம், பதினெட்டு மெய்யின் வரிவடிவம், கிரந்தம், ஈற்றில் உயிர்க்குறிகள் என எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதினான். ஓர் எழுத்துக்கு முன்னே அவ்வரியில் எத்தனை குறிகள் நிற்கின்றன என்று எண்ணிப் பத்தைக் கூட்டினால், இரண்டிலக்க எண்ணொன்று கிடைக்கும். இம்மொழியில் ஒருமுறை மதிப்புப் பெற்ற மாறியைப் பின்னர் மாற்ற இயலாது. ஆகவே, முதலெழுத்தை எண்ணாக்கி, எஞ்சியதைத் தன்னிடமே மீளக் கொடுக்கும் வார்ப்புரு ஒன்றை எழுதவேண்டியிருந்தது. இரண்டு இரவுகள் சென்றன. அக்கரைப்பற்று அகத்தியருக்கு முன்னே வந்தது.

புதிய தாளை வாங்கிப் பார்த்த ஆசிரியர், நெடுநேரம் ஒரே இடத்தை நோக்கிக்கொண்டிருந்தார்.

“என்ட கூட்டாளிட பேர் எங்க மகன்?”

பெயர் விடுபடவில்லை. றஹீம், றஷீத் என்று றகரத்தில் தொடங்கி எழுதுவது இக்கரையோர வழக்கு. றகரம் மொழிக்கு முதலில் வாராது என்று ஆயுளெல்லாம் கற்பித்தவர் அதனை ரகரத்திற் தேடியதில் வியப்பில்லை. கணினியின் பிழையான வரிசை இரண்டையும் அயலில் வைத்திருந்தது. இலக்கணத்தின் சரியான வரிசையோ அந்நண்பரை ல, வ, ழ, ள ஆகியவற்றுக்கு அப்பால் கொண்டுபோய்விட்டது.

முதலில் நிற்கும் றகரத்தை ரகரமாகக் கொள்ளுமாறு பணிக்க ஒரு வரி போதும். அதனை எழுதியபின், ஃபாத்திமாவைப் பகரத்தில் வைப்பதா, ஹமீதைக் ககரத்தில் வைப்பதா என்ற வினாக்கள் எழுந்தன. முன்னதற்குத் தந்தை உடனே இசைந்தார், பின்னதை மறுத்தார். ஒருவர் தம் நூலின் முகப்பில் எழுதிய பெயரை மாற்ற எவருக்கும் உரிமையில்லை என்பது அவர் வாதம். ஈற்றில் அந்த வரி நீக்கப்பட்டது. ஒவ்வொரு பதிவிலும் ‘தேடற்பெயர்’ என ஒரு குறிச்சொல் சேர்ந்தது. அதில் வரவேண்டியதைத் தந்தை கொப்பியின் ஓரத்தில் தம் கையாலேயே குறித்தார். நண்பர் றகரத்திலேயே நிற்கிறார். ரகரத்தில் ‘காண்க’ என்றொரு வரி மட்டும் உண்டு.

கீழ்த்தட்டின் நூல்கள் சிலவற்றுக்கு ஆசிரியர் பெயர் நினைவிருந்தும் தலைப்பு நினைவுக்கு வரவில்லை. குறிச்சொல் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. அத்தகைய வரிகளை அச்சிடாது தவிர்க்கும் விதியொன்றை மகன் எழுதியிருந்தான். அதை எடுத்துவிடச் சொன்னார். இப்பொழுது தாளில் அப்பெயர்களுக்கு எதிரே வெற்றிடம் இருக்கிறது. பேனையும் அருகிலேயே கிடக்கிறது.