இலைக்குள் என்ன நடக்கிறது?

ரிஷிவந்தியம் பக்கத்தில் ஒரு கரும்புத் தோட்டம். விடுமுறைக்கு வந்த இயற்பியல் மாணவன் ஒருவன், தோகை உரித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் பெருமையாகச் சொன்னான். "அப்பா, இந்த இலைக்குள்ள குவாண்டம் கம்ப்யூட்டர் மாதிரி ஒண்ணு வேலை செய்யுதாம்!" பழைய பத்திரிகை ஒன்றில் படித்தது. அப்பா கையை நிறுத்தவில்லை. "யாருடா பார்த்தது?" என்று மட்டும் கேட்டார்.

நல்ல கேள்வி. பதில் சொல்ல அவன் நிறையப் படிக்க வேண்டியிருந்தது.

இலையில் விழும் வெளிச்சத்தைப் பச்சைய மூலக்கூறுகள் பிடிக்கின்றன. பிடித்த ஆற்றல் பல மூலக்கூறுகளைக் கடந்து, வேதிவினை தொடங்கும் மையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் வெப்பமாக வீணாகிவிடும். ஆனால் பெரும்பாலும் வீணாவதில்லை. எப்படி?

பழைய விளக்கம் இது: வரிசையாக நின்று தண்ணீர்க் குடத்தைக் கைமாற்றுவது போல, ஆற்றல் ஒரு மூலக்கூறிலிருந்து அடுத்ததற்குத் தாவுகிறது. இன்னொரு விளக்கமும் உண்டு. மடையைத் திறந்ததும் தண்ணீர் எல்லா வாய்க்காலிலும் ஒருசேரப் பாய்வது போல, ஆற்றல் அலையாகப் பல மூலக்கூறுகளில் ஒரே நேரத்தில் பரவி நிற்கிறது. இதைத்தான் குவாண்டம் ஒத்திசைவு என்கிறார்கள். ரிஷிவந்தியத்துக்காரனுக்கு இங்கே ஊர்க் கோயிலின் அர்த்தநாரீஸ்வரர் நினைவுக்கு வராமல் போவாரா? ஒரே திருமேனியில் இருவர்! அழகான உவமைதான். ஆனால் உவமை சான்று ஆகாதே.

சான்று வேண்டுமென்றால் மிகமிகச் சின்ன நேரத்தை அளக்க வேண்டும். ஒரு நொடியை லட்சம் கோடி பங்காக்கி, அதில் ஒரு பங்கை மறுபடி ஆயிரமாக வெட்டினால் வருவது ஒரு ஃபெம்டோ நொடி. ஒரு தலைமுடியின் பருமனைக் கடக்க ஒளிக்கே இருநூறு, முந்நூறு ஃபெம்டோ நொடி ஆகும்! இவ்வளவு குறுகிய லேசர் துடிப்புகளைக் கொண்டு வேதிவினைகளைக் கவனித்ததற்காக எகிப்தில் பிறந்த அகமது செவாயில் 1999-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

முறை இதுதான். முதலில் இரண்டு துடிப்புகள் மூலக்கூறுகளைத் தட்டி எழுப்புகின்றன. கொஞ்சம் காத்திருப்பு. பிறகு மூன்றாவது துடிப்பு, ஆற்றல் இப்போது எங்கே என்று விசாரிக்கிறது. எந்த நிறத்தில் நுழைந்தது, எந்த நிறத்தில் தெரிகிறது என்று ஒரு வரைபடம் கிடைக்கும். காத்திருக்கும் நேரத்தை மாற்றி மாற்றி வரைபடங்களை எடுத்து அடுக்கினால் ஆற்றலின் பயணம் புலப்படும்.

2007-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் கிரகாம் ஃபிளெமிங் குழுவினர் இப்படித்தான் பார்த்தார்கள். கரும்பிலோ நெல்லிலோ அல்ல, பச்சைக் கந்தக பாக்டீரியாவின் ஒரு புரதத்தில். அதற்குள் ஏழெட்டுப் பச்சைய மூலக்கூறுகள். மைனஸ் 196 டிகிரி குளிரில் வரைபடத்தின் புள்ளிகள் ஏறி இறங்கின, அலை போல, 660 ஃபெம்டோ நொடி வரை. 2010-ல் கனடாவின் டொரொன்டோவில் கிரெகரி ஷோல்ஸ் குழு, கடற்பாசிப் புரதங்களில் அறை வெப்பநிலையிலேயே இத்தகைய அலையைக் கண்டது. அவ்வளவுதான், இலைக்குள் குவாண்டம் கணினி என்று செய்தி பறந்தது!

ஆனால் சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள். மூலக்கூறுகள் தாமே அதிரும் அல்லவா? 1928-ல் திருச்சிக்காரரான சி.வி. ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் சிதறிய ஒளியில் கண்டது அந்த அதிர்வுகளின் சுவட்டைத்தானே? வரைபடத்தில் நெடுநேரம் ஆடியது ஆற்றலின் அலையா, மூலக்கூறின் அதிர்வா? 2013-ல் விவேக் திவாரி, டேவிட் ஜோனாஸ் உள்ளிட்ட மூவர் அமெரிக்காவின் கொலராடோவிலிருந்து வெளியிட்ட ஆய்வு, அதிர்வே அந்த நீண்ட ஆட்டத்தைத் தர முடியும் என்று காட்டியது. திவாரி பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்தார்.

2017-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் டுவெய்ன் மில்லர் குழு, பெர்க்லியில் ஆராய்ந்த அதே புரதத்தைச் சாதாரண வெப்பநிலையில் மறுபடி அளந்தது. எலெக்ட்ரான்களின் ஒத்திசைவு சுமார் 60 ஃபெம்டோ நொடியில் அடங்கிவிட்டது. ஆற்றல் மையத்தை நெருங்கவோ அதைப் போலப் பல மடங்கு நேரம் வேண்டும். அதாவது, அந்த அலையை நம்பி இயற்கை ஓடவில்லை.

அப்படியானால் குவாண்டம் பொய்யா? இல்லை. பச்சையம் ஒளியை விழுங்குவதே குவாண்டம் வேலைதான். அடுத்தடுத்த மூலக்கூறுகள் ஆற்றலைப் பகிர்வதும் அப்படியே. அதிர்வுகள் அந்தப் பயணத்துக்கு உதவுகின்றனவா என்பது இன்னும் ஆராயப்படுகிறது. விழுந்தது கணினிக் கதை மட்டும்தான். அதை வீழ்த்தியவர்கள் யார்? வெளியிலிருந்து கேலி பேசியவர்கள் அல்ல. அதே லேசர் முறையை இன்னும் கவனமாகக் கையாண்டவர்கள்.

விடுமுறை முடிவதற்குள் மாணவன் மறுபடி தோட்டத்துக்குப் போனான்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்புப்பா. இலைக்குள்ள கம்ப்யூட்டர் எல்லாம் இல்ல. மறுபடி அளந்து பார்த்துட்டாங்க."

"எதை வச்சு?"

"முதல்ல பார்த்த அதே முறையை வச்சுத்தான்."

அப்பா ஒரு கணம் கையை நிறுத்தினார். "அப்ப அவங்க பார்க்கத் தெரிஞ்சவங்கதான்" என்றார்.